இரவில் மூன்று பேர் வந்து கேட்டார்கள்: வேலூர் ஐடா ஸ்கடரும் நம் வேலையிடங்களும்

கனடாவில் காலைக் காபியோடும், இங்கே இங்கிலாந்தில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டும், சிங்கப்பூரில் தூக்கத்தைத் தள்ளிப்போட்டும் இந்த நேரலையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி.

நான் வரலாற்றுப் பேராசிரியர் கிடையாது. நர்ஸிங் டிப்ளமோ முடித்து, இருபது வருடத்துக்கு மேலாக வார்டுகளில் நின்று பழகியவள். எழுதுவது அதற்கு அப்புறம் வந்த பழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: மேலே இருப்பவரின் குணம், கீழே வேலை செய்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதை எப்படி மாற்றுகிறது? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என்னுடைய ஒரு தவறிலிருந்து வந்தது. அதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நைட் டியூட்டி. வார்டுக்கு அன்று நான்தான் பொறுப்பு. ஆள் குறைவு. ஹேண்ட்ஓவர் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் ஒரு பெண்ணைக் கடிந்துகொண்டேன். மெதுவாக வேலை செய்கிறாள் என்று. கடைசியில், “அவங்கவங்க வேலையை முதல்ல முடிங்க, அப்புறம் மத்தவங்களைப் பார்க்கலாம்” என்றும் சொன்னேன். அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அன்று இரவு இரண்டு மணிக்கு, மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண், கனமான ஒரு நோயாளியைத் தனியாகவே திருப்பிப் படுக்கவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பத்தடி தூரத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். அவள் தடுமாறுவது அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் போகவில்லை. கையில் எழுத வேண்டிய சார்ட் இருந்தது. நான்தான் சொல்லியிருந்தேனே, அவங்கவங்க வேலை முதலில் என்று.

“ஏம்மா, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?” என்று கேட்டேன். “நீங்க பிஸியா இருந்தீங்க சிஸ்டர்” என்றாள். அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த ‘சிஸ்டர்’ என் காதை விட்டுப் போகவில்லை. உதவ மனமில்லாதவர்கள் அந்த வார்டில் யாருமில்லை என்று எனக்குத் தெரியும். அதே பெண்கள் வேறொருவர் பொறுப்பில் இருந்த இரவுகளில் கூப்பிடாமலே ஓடி வருவார்கள். அப்படியென்றால் அன்று மாறியது என்ன? மாறியது நான்.

இதை ஆராய்ச்சி செய்தவர்கள் இருக்கிறார்கள். 1938-ல் செஸ்டர் பர்னார்ட் என்ற அமெரிக்க நிர்வாகி, ஒரு நிறுவனம் நிற்பதே அதில் உள்ளவர்களின் ஒத்துழைக்கும் மனத்தினால்தான் என்று எழுதினார். 1964-ல் டேனியல் கட்ஸ் என்ற உளவியலாளர், வேலை விவரத்தில் எழுதியிருப்பதை மட்டும் எல்லோரும் செய்தால் எந்த நிறுவனமும் ஓடாது என்றார். 1983-ல் டென்னிஸ் ஆர்கன் என்ற பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும், யாரும் கட்டளையிடாமல், கூடுதல் சம்பளம் எதிர்பார்க்காமல் சக ஊழியருக்குச் செய்யும் இந்த உதவிக்கு ஒரு பெயரே வைத்தார்கள். தமிழில் அதை நிறுவனக் குடிமை நடத்தை என்று சொல்லலாம். ஊர்க் கிணற்றைத் தூர்வாரும்போது கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து நிற்கிறானே, அந்த ஆள் வேலையிடத்தில் இருந்தால் எப்படி இருப்பான், அதுதான். இரண்டு வங்கிகளின் ஊழியர்களை வைத்து அவர்கள் பார்த்தபோது, மேலதிகாரி துணையாக நிற்பதும் ஊழியர்களின் மனத்திருப்தியும் இந்த நடத்தையோடு தொடர்புள்ளவை என்று தெரிந்தது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஆராய்ச்சியே தேவையில்லை. நம் ஊரில் ‘விதிப்படி வேலை’ என்று ஒரு போராட்டம் உண்டு. வேலைநிறுத்தம் செய்ய மாட்டார்கள். விதியில் உள்ளதை மட்டும் அப்படியே செய்வார்கள். அதிலேயே எல்லாம் நின்றுபோகும். தினமும் விதிக்கு மேலே எவ்வளவு நடந்துகொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, விதிக்கு மேலே செய்யும் அந்த மனம் ஓர் இடத்தில் எப்படி உண்டாகிறது? எனக்குத் தெரிந்த இடங்களில் இதற்கு நல்ல உதாரணம் வேலூர். அங்கே அது ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கியது.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தார். இலங்கைத் தமிழர்களுக்கும் இந்தக் குடும்பம் உறவுதான். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து முதலில் வந்து இறங்கி ஊழியம் செய்தது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். பிறகுதான் அந்தக் குடும்பம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. ஐடா சிறுமியாக இருந்தபோது 1876-78 தாது வருடப் பஞ்சத்தைப் பார்த்தார். பசியில் வந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்திருக்கிறார். அதனாலேயே அவருக்கு இந்த ஊர் வேண்டாம் என்றாகிவிட்டது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். அங்கேயே இருந்துவிட நினைத்தார். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தார். கொஞ்ச நாள் உதவிவிட்டுப் போய்விடலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தார்.

அப்போது நடந்த ஓர் இரவை வேலூரில் படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அடுத்தடுத்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூன்று பேர் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். ஐடா, “நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்” என்று சொல்லிப் பார்த்தார். அந்நிய ஆண் வந்து பார்க்கக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தக் கதையை நான் நர்ஸிங் படிக்கும்போது கேட்டபோது, ‘கடவுளின் அழைப்பு’ என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். விசுவாசியாக இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் வயதான பிறகு அதில் இன்னொன்றும் தெரிகிறது. இந்தத் தலைவரின் வாழ்க்கை ஒரு வெற்றியில் தொடங்கவில்லை. ‘என்னால் முடியவில்லை’ என்ற இடத்தில் தொடங்கியது. உதவி கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல நேர்ந்த வலி எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். பின்னாளில் அவர் கட்டியதெல்லாம் இந்த நினைவின் மேல் கட்டியதுதான் என்பது என் எண்ணம்.

ஐடா திரும்பப் போய் மருத்துவம் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அந்தக் கல்லூரியின் முதல் அணி அது. ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரோடும், தோழி ஆனி ஹான்காக்கோடும், 1900-ல் வேலூருக்கு வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். கூட நின்று கற்றுக்கொடுக்க மூத்த மருத்துவர் யாரும் இல்லை. வீட்டிலேயே ஓர் அறையில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கியது. உதவிக்கு இருந்தது வீட்டு வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண்.

இந்த சலோமியிடம்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். அவரை யாரும் நர்ஸாக வேலைக்கு எடுக்கவில்லை. பாத்திரம் பண்டம் பார்த்துக்கொண்டிருந்தவர் அறுவைச் சிகிச்சையில் கைகொடுக்கும் நிலைக்கு வந்தார். ஐடா அவருக்குச் சொல்லிக்கொடுத்தார், பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பிற்பாடு வந்த நர்ஸிங் பள்ளியும் கல்லூரியும் ஒருவகையில் இந்தச் சமையலறை வாசலில் தொடங்கியவை. கற்றுக்கொடுத்தால்தான் ஒருவருக்கு உதவும் தைரியமே வரும். “ஏன் யாரும் உதவிக்கு வருவதில்லை?” என்று கேட்கும் மேலதிகாரிகள் முதலில் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, “உதவும் அளவுக்கு நான் யாருக்காவது கற்றுக்கொடுத்திருக்கிறேனா?” என்பதைத்தான்.

1902-ல் நாற்பது கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. 1909-ல் டெலியா ஹூட்டன் என்ற நர்ஸோடு சேர்ந்து நர்ஸிங் பள்ளி தொடங்கியது. நல்ல குடும்பத்துப் பெண்கள் பெட்பேன் எடுக்கவும் பிறர் புண்ணைத் தொடவும் வர மாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்த காலம். தீட்டு, சாதி, மானம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வேலி. எந்த வேலையைக் கேவலம் என்று மற்றவர்கள் ஒதுக்கினார்களோ, அந்த வேலையில் மருத்துவரான வெள்ளைக்காரப் பெண் தன் கையை வைத்தார். அதைப் பார்த்த மாணவிக்கு அந்த வேலை கேவலமாகத் தெரியாது. எங்கள் வேதத்தில் யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தில், குருவே துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவும் காட்சி வருகிறது. அதைப் பிரசங்கமாகக் கேட்பதற்கும், ஒரு மருத்துவமனை வராந்தாவில் கண்ணால் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அதே வருடம் ஒரு பியூஜோ கார் வந்தது. வாரம் ஒரு நாள் குடியாத்தம் வரை போவார்கள். வழியில் மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். வண்டி நிற்கும். புண் கழுவி, மருந்து கொடுத்து, அடுத்த மரம். கூடப் போன நர்ஸுக்கும் கம்பவுண்டருக்கும் இங்கே யாருடைய வேலை எது என்று பிரித்துப் பார்க்க நேரமிருக்காது. டாக்டர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் இன்னொருவர் தண்ணீர் ஊற்றுவார். ஒரே மண்ணில் நின்று எல்லோரும் வேலை செய்யும்போது ‘இது என் வேலையில்லை’ என்ற வாக்கியம் வாயில் வராது.

1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. விண்ணப்பங்களே வராது என்று மாகாண அதிகாரிகள் நினைத்தார்கள். 151 விண்ணப்பங்கள் வந்தன. வாடகைக் கட்டடம், ஓர் எலும்புக்கூடு, ஒரு நுண்ணோக்கி, சில புத்தகங்கள். முதல் ஆண்டுத் தேர்வில் மாகாணம் முழுவதும் எழுதிய ஆண் மாணவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். வேலூர்ப் பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். 1922-ல் 14 பேர் பட்டயம் பெற்று வெளியே வந்தார்கள். ஒரே எலும்புக்கூட்டை வைத்து ஒரு வகுப்பே படிக்கிறது என்றால், ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுக்காமல் படித்திருக்க முடியாது. கற்றுக்கொண்டதைப் பொத்திவைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே முதல் வகுப்பிலேயே இல்லாமல் போயிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது நமக்குப் பழக்கமான கதை. தியாகம் செய்த தலைவர், பின்தொடர்ந்த மக்கள். ஆனால் எனக்கு ஐடாவின் குணம் உண்மையில் தெரிவது அவர் தோற்றுப்போக இருந்த காலத்தில்தான்.

1930-களின் பிற்பகுதியில் சென்னை அரசாங்கம் பட்டயப் படிப்பை நிறுத்தி, இனி எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று முடிவெடுத்தது. அதற்கு வேண்டிய கட்டடம், கருவி, பேராசிரியர்கள் எதுவும் வேலூரிடம் இல்லை. மூடிவிட வேண்டிய நிலை. ஏறக்குறைய எழுபது வயதில் ஐடா பணம் திரட்ட அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே ஒரு யோசனை வந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால், பல திருச்சபைகள் சேர்ந்து உதவும். ஐடா வாழ்நாள் முழுவதும் பெண்களுக்காகவே கட்டிய இடம் அது. மூன்று பெண்கள் இறந்த இரவில் பிறந்தது. அவருக்காகப் பல வருடங்கள் பணம் திரட்டிக்கொடுத்த லூசி பீபாடி இதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கென்று கொடுத்த பணம் பெண்களுக்கே போக வேண்டும் என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஐடா யோசித்தார், வருந்தினார், கடைசியில் ஆண்களைச் சேர்க்க ஒப்புக்கொண்டார். பழைய நட்பு முறிந்தது. 1947-ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். கல்லூரி பிழைத்தது. பின்னர் அதற்கு இயக்குநராக ஹில்டா லாசரஸ் வந்தார். விசாகப்பட்டினத்தில் பிறந்தவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

‘என் திட்டம்’ என்பதை ஒரு தலைவர் விட்டுக்கொடுப்பதை ஊழியர்கள் பார்க்க வேண்டும். அப்போதுதான் அவர்களும் ‘என் வார்டு, என் ஷிப்ட், என் பேர்’ என்பதைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். தன் கருத்தில் கடைசிவரை நிற்பவரைத்தான் நாம் உறுதியான தலைவர் என்கிறோம். ஆனால் அப்படிப்பட்டவருக்குக் கீழே எல்லோரும் அவரவர் மூலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பழகுவார்கள்.

அந்தக் குணம் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போனது என்பதற்கு ஒரு சம்பவம். 1954-ல் வேலூரின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் ஒரு வண்டி விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. மகப்பேறு மருத்துவராக வர நினைத்தவர். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவர் வழி காட்டினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் பயிற்சி பெற்று வந்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமையேற்று வளர்த்தார்.

இதை ஒரு நர்ஸாக யோசித்துப் பாருங்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் வர, எத்தனை பேர் தங்கள் வேலைக்கு மேல் வேலை செய்திருக்க வேண்டும்? நாற்காலியை மாற்ற ஒருவர், மேசையின் உயரத்தைச் சரிசெய்ய ஒருவர், தூக்கி இறக்க இருவர். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. தலைவர் ஓர் ஆளைக் கைவிடவில்லை என்பதைப் பார்த்தவர்களுக்கு, நாளைக்கு எனக்கு இப்படி ஆனாலும் இந்த இடம் என்னைக் கைவிடாது என்ற நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கை உள்ளவர்களிடம் உதவி செய் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் நர்ஸுகளுக்குத் துரோகம் செய்தவளாவேன். ‘ஊழியம்’ என்ற சொல்லை வைத்து எங்களைக் கசக்கிப் பிழிந்த இடங்களும் உண்டு. நான் முதலில் வேலை பார்த்த ஓர் இடத்தில், இரட்டை ஷிப்டுக்குப் பணம் கேட்டால், “சேவை மனப்பான்மை இல்லையா?” என்பார்கள். மேலே இருப்பவர் தன் தியாகத்தைக் காட்டி மற்றவர் தியாகத்தைக் கணக்குப் பண்ணத் தொடங்கினால், அது உதவியாக இருக்காது, வரியாகிவிடும். வற்புறுத்தி வாங்கிய உதவியை ஜனங்கள் முதல் வாய்ப்பிலேயே நிறுத்திவிடுவார்கள். ஐடா ஸ்கடரிடம் எனக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று, அவர் டென்னிஸ் ஆடுவார். வயதான காலம் வரை ஆடினார். கொடைக்கானலில் ஒரு வீடு வைத்திருந்தார். 1960-ல் அவர் கண்மூடியதும் அங்கேதான். ஓய்வெடுக்கத் தெரிந்த தலைவருக்குக் கீழேதான் மற்றவர்கள் குற்றவுணர்ச்சி இல்லாமல் லீவு கேட்க முடியும்.

இப்போது இங்கிலாந்துக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் நாடு இது என்பதால் மட்டும் வரவில்லை. நல்ல குணம் என்ன செய்யும் என்று வேலூரில் பார்த்தோம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறது.

ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை. 2005 முதல் 2009 வரை அங்கே நடந்தவற்றை வழக்கறிஞர் ராபர்ட் பிரான்சிஸ் தலைமையில் விசாரித்தார்கள். பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில், 290 பரிந்துரைகளோடு வந்தது. நோயாளிகள் தண்ணீர் கேட்டுக் கிடைக்காமல் கிடந்தார்கள். அசுத்தமான படுக்கையில் மணிக்கணக்காக விடப்பட்டார்கள். நிர்வாகக் குழுவின் கவனமெல்லாம் செலவைக் குறைப்பதிலும், இலக்குகளை எட்டுவதிலும், ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ என்ற அந்தஸ்தை வாங்குவதிலும் இருந்தது. அதற்காக ஆட்களைக் குறைத்தார்கள். ஊழியர்கள் சொன்னதைக் கேட்கவில்லை.

அங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த நர்ஸ் ஹெலீன் டொனெல்லி விசாரணையில் சாட்சி சொன்னார். நான்கு மணி நேரத்துக்குள் நோயாளியைப் பார்த்து அனுப்ப வேண்டும் என்ற இலக்குக்காக, நேரத்தைப் பொய்யாக எழுதச் சொல்லி வற்புறுத்தினார்கள் என்றார். கிட்டத்தட்ட நூறு முறை புகார் எழுதியிருக்கிறார். அதற்காக சக ஊழியர்களே அவரை மிரட்டினார்கள். இரவு டியூட்டி முடிந்து காருக்குப் போகவே பயந்த நிலைமை.

இதைப் படித்தபோது என்னைத் தூங்கவிடாதது அந்த சக ஊழியர்கள்தான். அவர்களும் என்னைப் போல நர்ஸிங் படித்தவர்கள். யாரோ ஒருவரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்திருப்பார்கள். அவர்கள் பிறவியிலேயே கல்நெஞ்சக்காரர்களா? நான் நம்பவில்லை. மேலே எண்ணிக்கை மட்டும் கேட்டார்கள். கீழே இருப்பவர்களும் எண்ணிக்கை மட்டும் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டிலுக்குப் போனால் என் கட்டிலின் கணக்கு தவறும். கணக்கு தவறினால் திட்டு. திட்டுக்குப் பயந்து ஒருத்தி கண்ணைத் திருப்பிக்கொள்கிறாள். அப்புறம் திருப்பிக்கொள்வதே பழக்கமாகிறது. அந்தப் பழக்கத்தைச் சுட்டிக்காட்டுகிறவள் எதிரியாகிறாள்.

வேலூரில் 1900-ல் இருந்தது ஒற்றைக் கட்டில். ஸ்டாஃபோர்டில் ஒரு வளர்ந்த நாட்டின் சுகாதாரத் துறையே பின்னால் இருந்தது. ஆள் குறைவாக இருந்ததும் ஒரு காரணம்தான், அதை மறுக்க மாட்டேன். நல்ல குணம் ஆள் பற்றாக்குறையைத் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஆள் குறைவான இடத்திலும் ஒருவரையொருவர் கூப்பிட முடிகிறதா இல்லையா என்பது மேலே நிற்பவரின் குணத்தில் இருக்கிறது.

என் வார்டில் அந்த இரவு நான் ஸ்டாஃபோர்டின் சின்னத் துண்டு ஒன்றை உண்டாக்கியிருந்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. “அவங்கவங்க வேலை முதல்ல” என்ற நான்கைந்து சொற்களும், எல்லோர் முன்னாலும் ஒருத்தியைத் திட்டியதும் போதுமானதாக இருந்தது. நான் கெட்டவளாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவசரத்தில் இருந்தால் போதும்.

அடுத்த வாரம் ஹேண்ட்ஓவரில், அன்று திட்டியது தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். திட்டியது எல்லோர் முன்னாலும் என்பதால் மன்னிப்பும் அங்கேதான் கேட்க வேண்டும். வேறு பெரிய சீர்திருத்தம் எதுவும் செய்யவில்லை. இரவு இரண்டு மணிக்கு நோயாளிகளைத் திருப்பும் நேரத்தில் நான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து முதல் கட்டிலுக்குப் போய் நின்றுகொள்வேன். “யாராவது ஒரு கை குடுங்க” என்று நானே கேட்பேன். பொறுப்பில் இருப்பவளே கேட்கிறாள் என்றால், கேட்பது வெட்கமில்லை என்று மற்றவர்களுக்குத் தெரியும். ஐடா ஸ்கடரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். மருத்துவமனை கட்டுவது என்னால் ஆகாது. ‘என்னால் தனியாக முடியாது’ என்று வாய்விட்டுச் சொல்வது ஆகும்.

அந்த மதுரைப் பெண் இப்போதும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள். ஒருமுறை விட்டுப்போன ‘அக்கா’ சீக்கிரம் திரும்பி வராது. அது எனக்கு வேண்டிய தண்டனை என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் ஒரு நைட் டியூட்டியில், மூன்றாவது கட்டிலிலிருந்து, “சிஸ்டர், கொஞ்சம் வாங்களேன், இவரைத் திருப்பணும்” என்று சத்தமாகக் கூப்பிட்டாள். நான் எழுந்து போவதற்குள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் போய்விட்டார்கள்.

இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் எல்லோரும் ஏதோ ஓர் இடத்தில் நாலு பேருக்குப் பொறுப்பாக இருப்பீர்கள். அலுவலகத்தில், கடையில், தமிழ்ப் பள்ளியில், கோயில் குழுவில், சபையில். உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவவில்லை என்று தோன்றினால், அவர்களைக் கேட்பதற்கு முன்னால், கடைசியாக அவர்கள் முன்னால் நீங்கள் எப்போது உதவி கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.